காலால் மிதித்த முதல் அசை

நெதர்லாந்தின் ஸுட்ஃபென் நகரத் தொடக்கப் பள்ளியில் ஹில்லி வாஸ்ஸிங்க் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். டச்சு மொழியில் மூன்று சொற்களை ஒட்டி ஒரே பெயராக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது மலைப்பாம்பு. ஹில்லி அதை அசை அசையாக நறுக்கிக் கைதட்ட வைப்பாள். எந்த அசையை அழுத்துவது என்பது மட்டும் பாதிப் பேருக்குப் பிடிபடாது.

பக்கத்து வகுப்புக்குப் புதிதாக வந்த யோரித், அழுத்தம் விழும் அசையில் காலை ஓங்கி மிதிக்கத் தன் பிள்ளைகளிடம் சொன்னான். ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பிடிபட்டது. அதுமுதல், பிறந்தநாளன்று தின்பண்டத் தட்டேந்தி மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் போகும் ஹில்லியின் பிள்ளைகள், அவன் கதவைத்தான் முதலில் தட்டினார்கள்.

"உங்க பிள்ளைங்க தங்கம், ஹில்லி! குச்சியில குத்தின திராட்சையெல்லாம் எனக்கே வருது," என்றான் யோரித்.

"வயிறு கெட்டுடாம பாத்துக்கோ," என்றாள். எரிந்தது அவள் வயிறுதான்.

பிள்ளைகள் குறைந்ததால் அடுத்த ஆண்டு இரு வகுப்பையும் ஒன்றாக்கவிருந்தார்கள். அந்த வகுப்பு யாருக்கு என்று, பாடத்தை நேரில் பார்த்துத் தலைமையாசிரியை தீனெக்கெ முடிவுசெய்வார்.

அவர் வந்த அன்று ஹில்லி பலகையில் தீயணைப்பு வண்டி என்பதற்கான நீண்ட சொல்லை எழுதினாள்.

"எங்க, தட்டுங்க பாப்போம்."

"பிராந்த்!" இருபது கால்கள் தரையை அதிரவைத்தன. பிறகு மூன்று கைத்தட்டல்: "வேர், ஔ, தோ." விளையாட்டுத் திடலில் யோரித்தின் பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட வித்தை. ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை.

"அடேயப்பா! இது உங்க யோசனையா, ஹில்லி?"

முன்வரிசைச் சிறுமி ஃபென்னா துள்ளி எழுந்தாள். "இல்ல, இது யோரித் சா…"

"கையத் தூக்காமப் பேசக் கூடாது, கண்ணு. உக்காரு." ஹில்லி தீனெக்கெயின் பக்கம் திரும்பினாள். "ஆமா, நம்ம வகுப்புலதான் ஆரம்பிச்சோம்."

வகுப்பு அவளுக்கே வந்தது. யோரித்தைப் பெரிய பிள்ளைகளுக்கு மாற்றினார்கள். "நீங்கதான் சரியான ஆளு," என்று அவன் ஆப்பிள் கேக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைப் பிரிக்காமலே ஆசிரியர் அறை மேசையில் வைத்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு வந்த புதிய பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பிடிவாதமாகக் கைதட்ட மட்டும் சொல்லிக்கொடுத்தாள். அழுத்தம் கண்ட இடத்தில் விழுந்தது. மூன்றாம் வாரம், கதவை இறுகச் சாத்திவிட்டு, தானே ஓங்கி மிதித்துக் காட்டினாள். சுவருக்கு அப்பால் யோரித்துக்குக் கேட்காமல் இராது. காப்பி வேளையில் அவன் வழக்கம்போல அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தான். அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

மறுநாள் அவள் வகுப்பில் அந்த ஆண்டின் முதல் பிறந்தநாள். தட்டேந்திய சிறுவன் வாசலில் நின்று கேட்டான்: "டீச்சர், யோரித் சார் ரூம் எது? மொதல்ல அங்கதான் போகணும்னு எங்க அக்கா சொன்னா."

ஹில்லி கை நீட்டிக் காட்டினாள்.