மாற்றத்துக்கான காரணம்

அலுவலகத்தில் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரேயொரு காற்புள்ளிக்காக ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டவள். சண்டை போட்டதும் உண்மை, ஜெயித்ததும் அவள்தான். பதினாறு வருடமாக ஓர் இயங்குதளத்துக்குக் கையேடு எழுதுகிறாள். கணினியோடு இணைக்கும் கருவிகளை இயக்கும் நிரல்களுக்கு டிரைவர் என்று பெயர். அவற்றை எழுதுகிற பொறியாளர்களுக்கான கையேடு அது. மாமியாரோ, "எங்க மருமக டிரைவருங்களுக்குப் புக்கு எழுதுறா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டு லாரிக்காரர் ஒருநாள் லைசென்ஸ் புதுப்பிக்க வழி கேட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அந்தக் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம்தான் வினை. கருவிக்குக் கட்டளை போட நினைவகத்தில் ஒரு முகவரி ஒதுக்குவார்கள். அதை எந்த விதத்தில் இணைக்கலாம் என்று நான்கு விருப்பங்கள், ஓர் அட்டவணையில். அதில் 'கேஷ்' என்ற விருப்பம் வேகமானது. எழுதியதைச் செயலி தன் பக்கத்திலேயே ஒரு நகலாக வைத்துக்கொண்டு, தனக்குத் தோதான நேரத்தில் அனுப்பும். படத்துக்கும் கணக்குக்கும் அது சரி. ஓடுகிற இயந்திரத்திடம் 'நில்' என்று சொல்ல அது எமன். தபால் பெட்டியில் போடச் சொன்ன கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போட்டாச்சு என்று சொல்கிற ஆள் மாதிரி.

அட்டவணையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அட்டவணையை எந்தப் புண்ணியவான் படிக்கிறான்? டிரைவர் எழுதுகிறவர்கள் கீழே இருக்கும் உதாரணத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அந்த உதாரணம் கேஷ் போட்டது. யாரோ ஒரு காலத்தில் திரைக்குப் படம் அனுப்புவதற்காக எழுதியது. வேகம் நன்றாக வந்ததால் விளம்பரத்தாளிலும் ஏறிவிட்டது. 'கட்டளை முகவரிகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று அவள் அதன் தலையில் சிவப்புக் கட்டம் கட்டி ஒரு வரி எழுதினாள்.

மேனேஜர் அதை எடுத்துவிட்டார். "பயமுறுத்துற மாதிரி இருக்குக்கா. வாங்க வர்றவங்க ஓடிடுவாங்க" என்றார். மொத்தம் மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் எடுத்தார். நான்காவது தடவை அவள் போடவில்லை.

ஒவ்வொரு பதிப்பு வெளியாகும்போதும் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பாமல் கையேடு வெளியே போகாது. அந்தக் காரணம் மின்னஞ்சலாக எல்லா வாடிக்கையாளருக்கும் போகும். அந்தப் பதிப்புக்கு அவளே தன் கையால் அடித்தது: 'சிறு திருத்தங்கள்'.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. காகிதம் வெட்டும் இயந்திரம் செய்கிற கம்பெனி. டிரைவரில் இருந்தது நாற்பத்தோராம் பக்கத்து உதாரணம், எழுத்துக்கு எழுத்து. ஒரு பெண் தொழிலாளி நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். 'நில்' என்ற கட்டளை நகலிலேயே தங்கிவிட்டது. கத்தி இன்னொரு தடவை இறங்கியது. இரண்டு விரல்கள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'எழுதியவரின் கவனக்குறைவால் ஆவணம் தெளிவாக அமையவில்லை.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான். உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"அந்தச் சிவப்புக் கட்டத்தை எடுத்தது யாரு சார்?"

"இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது? நாளைக்குள்ள குடுங்க. இல்லன்னா மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. உங்களையும் காப்பாத்த முடியாது."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போதாதென்று, மறைத்ததற்கு அவளிடமே கையெழுத்துக் கேட்கிறார்.

வீட்டில் கணவர் தாளைப் படித்துவிட்டு, "போட்டுத் தொலை. இந்த வயசுல வேற எங்க போய் வேலை தேடுவ?" என்றார்.

"போட்டா அந்த விரலை நான் வெட்டினேன்னு அர்த்தம். புரியுதா உங்களுக்கு?" என்று கத்தினாள். கையிலிருந்த தட்டைச் சமையல் மேடையில் வைத்த வேகத்தில் ஸ்பூன் தரையில் விழுந்தது.

மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். "நீ முன்னாடியே அவன்கிட்ட சொல்லலையா?"

"மூணு தடவை சொன்னேன் அத்தை."

"நாலாவது தடவை?"

அவள் குனிந்து ஸ்பூனை எடுத்தாள். அதுவரை மேனேஜர் மேல் இருந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. பாதிதான், மீதி அவருக்கே இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கே அலுவலகம் போனாள். நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, பழைய உதாரணத்தை அடியோடு நீக்கி, கேஷ் இல்லாத விருப்பத்தோடு புதியதை எழுதி, ஓட்டிச் சரிபார்த்தாள். சிவப்புக் கட்டத்தைப் பழைய இடத்திலேயே போட்டாள். வெளியிடும் உரிமை எப்போதும் அவளிடம்தான். காரணக் கட்டம் வந்தது. அடித்தாள்: 'முந்தைய உதாரணத்தை நம்பிய இயந்திரம் நிற்கவில்லை. ஒரு தொழிலாளியின் இரண்டு விரல்கள் போயின. எச்சரிக்கை மூன்று முறை எழுதப்பட்டு, மூன்று முறை நீக்கப்பட்டது. நான்காவது முறை நான் எழுதாமல் விட்டேன்.' அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கு மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். மேசையில் அவருடைய தாள் கிடந்தது. அதில் கையெழுத்து இல்லை. விட்டுப்போன காற்புள்ளி ஒன்றை மட்டும் சிவப்பு மையில் போட்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இப்பவே எடுங்க அதை."

"எடுக்கலாம் சார். ஆனா எடுத்தா அதுவும் ஒரு மாத்தம். காரணம் கேக்கும், எல்லாருக்கும் போகும்." நாற்காலியை விட்டு எழுந்து, விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இந்தத் தடவை நீங்களே எழுதுங்க."

அவர் உட்காரவில்லை.