சராசரிக்குள் ஒளிந்த ஒன்பது மணி

ஆஸ்பத்திரியின் பதிவு கவுன்டரில் இருப்பவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆமை. அநியாயம்! அவர் விரல்கள் பறக்கும். காலையில் திரைதான் அடிக்கடி உறைந்து நிற்கும். நோயாளிகள் திரையையா திட்டுவார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இப்படியே புகார் வந்தால் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அங்கே பேச ஆளே இல்லை; நாலு பேரோடு பேசாவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

அதே ஆஸ்பத்திரியின் மாடியில், அவர் தட்டும் பதிவுகளெல்லாம் போய்ச் சேரும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் அவர் மனைவி.

"லாக் ஃபைல் எவ்வளவு சீக்கிரம் மாறுதுன்னு பாத்துட்டேங்க. ஒரு நாள் சராசரி சரியாத்தான் இருக்கு," என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது.

"நாள் பூராவுமா கூட்டம் வருது? ராத்திரியில நம்ம கவுன்டருக்குப் பூனைகூட வராது. ஒன்பது மணியை மட்டும் பாரும்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டேட்டாபேஸில் எந்த மாற்றமும் முதலில் லாக் ஃபைலில்தான் எழுதப்படும். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தாவும். இந்த ஃபைல்கள் சின்ன வாளிகளாக இருந்தால், முதல் வாளியைக் காலி செய்வதற்குள் கடைசி வாளியும் நிரம்பிவிடும். அப்புறம் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். காலை நெரிசலில் நடந்தது அதுதான். இரவின் வெறுமை சராசரியை அழகாக்கிக் காட்டியிருந்தது.

மறுநாள் கூட்டம் ஓய்ந்த மதியத்தில் வேலையைத் தொடங்கினாள். இருக்கும் ஃபைலை இழுத்துப் பெரிதாக்க முடியாது. காலை நெரிசலிலும் கால் மணி நேரம் தாங்குகிற அளவில் புதியவற்றைச் சேர்த்து, பழையவை ஓய்ந்தபின் ஒவ்வொன்றாக நீக்கினாள். அவசரப்பட்டால் குடியே முழுகிப்போகும் என்பதால் ஆற அமரத்தான் செய்தாள்.

அடுத்த நாள் காலை மனசு கேட்காமல் கீழே இறங்கி, வரிசையில் தானும் நின்றாள். நின்றாள் என்பதைவிட நகர்ந்தாள் என்பதே சரி. தூணோரம் நின்று பார்த்த மேலாளர், "இவர் இங்கயே இருக்கட்டும்," என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பேரு? வயசு?" கணவர் தலை நிமிரவில்லை.

"வயசையெல்லாம் இங்க சத்தமா சொல்ல முடியாதுங்க."

நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் கை விசைப்பலகையை விட்டு எழவில்லை.

"தள்ளிக்கம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. அடுத்தது யாருங்க?"