இன் பண்ணின சட்டை

சட்டையை இடுப்புக்குள் செருகுவதற்கு வெள்ளைக்காரர்கள் 'இன்' என்று சொல்வதில்லை. இது லெஸ்டர் நகரத்துத் துணிக்கடை ஒன்றில்தான் எனக்குத் தெரிந்தது. பட்டமளிப்பு விழாவுக்குக் கோட்டும் பேன்ட்டும் வாங்கப் போயிருந்தேன். கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டே படித்து முடித்த எம்.எஸ்ஸி. கண்ணாடி முன்னால் நின்று, "ஷால் ஐ இன்?" என்று கேட்டேன். கடைக்காரர் ஆலன், கழுத்தில் அளவு டேப் தொங்கும் பெரியவர், "யூ ஆர் ஆல்ரெடி இன்" என்று சிரித்தார். வாசலைக் காட்டி, அதுதான் 'அவுட்' என்றார். நம் ஊரில் ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குக்கூட 'இன் பண்றது' என்றால் என்னவென்று தெரியும். அதை இங்கிலீஷ் என்று நம்பித்தானே இத்தனை காலம் பேசினோம்? சட்டை நுனியைப் பிடித்துப் பேன்ட்டுக்குள் திணித்துக் காட்டினேன். "ஓ, டக்!" என்றார். உதவுகிறேன் பேர்வழி என்று பின்னால் வந்து, முதுகுப் பக்கம் தொங்கிய சட்டையைப் பிடித்தார்.

அடுத்ததை என் கைதான் செய்தது. திரும்பிய வேகத்தில் அவர் காலரைப் பிடித்துக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினேன். கண்ணாடி அதிர்ந்தது. இன்னொரு கை அவர் மூக்குக்கு நேராக ஓங்கி நின்றது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். செக்யூரிட்டி ஓடி வந்தான். போலீஸ், விசா, பிளேன் ஏற்றித் திருப்பி அனுப்புவது எல்லாம் மண்டைக்குள் ஓடியது. ஆனாலும் பிடி தளரவில்லை. என் விரல்களை நானே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் போகும் கிராமம் எங்களுடையது. பஸ் ஊர்த்தெருவில் நிற்கும். அந்தத் தெருவைத் தாண்டித்தான் எங்கள் காலனிக்குப் போக வேண்டும். காஞ்சிபுரம் காலேஜுக்குப் போன காலனிப் பையன்கள் பஸ் கிளம்பிய பிறகுதான் சட்டையை இன் பண்ணுவோம், திரும்பி வந்து இறங்கும் முன் வெளியே இழுத்து விட்டுக்கொள்வோம். எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊர்த்தெருக்காரர்கள் பார்க்கிற பார்வையே போதும். பி.எஸ்ஸி பட்டம் வாங்கப் போகும்போது அம்மாதான் என்னை உத்திரமேரூர் பஜாருக்குக் கூட்டிப்போய்த் துணி எடுத்தாள். வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், பெரிய பக்கிள் வைத்த பெல்ட். கடையிலேயே பெல்ட்டை என் இடுப்பில் சுற்றிப் பார்த்து, "ஆபீசர் மாரி கீறடா" என்றாள். பட்டம் வாங்கித் திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் சட்டையை வெளியே எடுக்கவில்லை. மறந்துபோய் இல்லை. பட்டம் வாங்கினவன் எதற்கு எடுக்க வேண்டும் என்கிற திமிர்தான். அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த சேகர் எழுந்து என் பின்னாலேயே வந்தான். அவன் வீட்டு நிலத்தில்தான் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போவாள். "இன்னாடா, கலெக்டராட்டம் இன் பண்ணிக்கினு போற?" என்று முதுகுப் பக்கச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உருவினான். அவன் கையைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான், டீக்கடையே எழுந்து வந்தது. கீழே தள்ளி, என் பெல்ட்டையே உருவி என்னை அடித்தார்கள். பக்கிள் புருவத்தைக் கிழித்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பட்டத்தைச் சேகர் கீழே போட்டுச் செருப்புக்காலால் தேய்த்தான். சட்டையைக் கையில் கிடைத்த வரைக்கும் கிழித்தார்கள். அறுப்பு முடிந்து அந்த வழியாக வந்துகொண்டிருந்த அம்மா, "எம் புள்ளய வுடுங்கடா!" என்று கத்திக்கொண்டே அறுப்பு அரிவாளோடு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். ஒரே வீச்சு. சேகரின் முன்கை பிளந்தது. "இன்னொரு தபா கை வைங்கடா பாப்போம், கயுத்த அறுத்துடுவேன்" என்று என்மேல் கால் போட்டு நின்றாள். ஒருத்தனும் கிட்டே வரவில்லை. ஸ்டேஷனில் நான் பட்ட அடி கேஸாகவில்லை, அவள் அரிவாள் கேஸானது. என் புகாரை நான் திரும்ப வாங்கிய பிறகுதான் அவளை வெளியே விட்டார்கள். அதோடு நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

ஆலன் கையைக் காட்டிச் செக்யூரிட்டியை நிறுத்தினார். என் புருவத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், "விச் வார், சன்?" என்றார். எந்தப் போர் என்று கேட்கிறார்! அவர் மகன் பட்டாளத்தில் இருந்தவனாம். பின்னாலிருந்து தொட்டால் அவனும் இப்படித்தான் பாய்வானாம். நான் என்னத்தைச் சொல்ல? "உத்திரமேரூர்" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். எந்தப் பாலைவனத்தில் அப்படியொரு ஊர் இருப்பதாக நினைத்துக்கொண்டாரோ. போலீஸுக்குச் சொல்லவில்லை. கோட்டின் தோளைத் தட்டிச் சரிசெய்து அனுப்பிவைத்தார். வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதேன். என்னை அடித்தவன் அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கிறான், நான் இங்கே யார் கழுத்தைப் பிடிக்கிறேன்? இந்த ஊரில் இரவு உடையோடு பால் வாங்க வருகிறார்கள், யாரும் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதுவும் சேர்ந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

விழாவில் கோட்டும் அங்கியுமாக எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "நல்லா கீறடா நைனா. ஆனா ஸ்டேட்டஸ்ல வச்சிடாத. தம்பி தெனம் அந்தத் தெரு வயியாத்தான் வண்டில வரான்." தம்பிக்கு வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை.

"இன்னுமா பயப்படற? நீ அவனுங்க நடுவுல அரிவாள வீசினவ" என்றேன்.

"அன்னிக்கி நீ என் கண்ணெதிர்ல கெடந்த. தம்பி எங்க வுயுவான்னு எனக்கு இன்னா தெரியும்?"

நான் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "ஒண்ணு காட்டறேன் இரு" என்று போனோடு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். தம்பியை விட்டுப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போடவைத்து, கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள். அவள் புடவைகளுக்கு நேர் எதிரே, கோட்டுப் போட்டுக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முந்தானையால் படத்தில் என் முகத்தைத் துடைத்தாள். வாசலில் யாரோ நடவுக்கு ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. "ஊர்த்தெரு ஆளு" என்று கிசுகிசுத்தவள், அவசரமாகப் பீரோக் கதவைச் சாத்தி என்னை உள்ளே வைத்துப் பூட்டினாள்.