முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

புஷ்பம் டீச்சர் கார் ஓட்டிக்கொண்டு போனால் பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். சிவப்பு விளக்கு எங்கோ தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாள். வண்டி தளர்ந்து தளர்ந்து போய், பச்சை விழுகிற நேரத்துக்குத்தான் சிக்னலைத் தொடும். வேகம் நாற்பத்தைந்தைத் தாண்டாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். ஏசி போடமாட்டாள். மே மாத வெயிலிலும் கண்ணாடி இரண்டு விரல் அளவுதான் இறங்கியிருக்கும்.

இதில் ஒன்றுகூட அவளுடைய பழக்கம் இல்லை. எல்லாம் வேதசிரோமணியுடையது.

அவள் கணவர் வேதசிரோமணி காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். எலெக்ட்ரிக் கார் வாங்கியதிலிருந்து அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மாடியில் இருக்கிற தங்கள் வீட்டு மீட்டரிலிருந்து இறக்கிய லைனில் வண்டியைச் செருகுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவிலுக்குக் கிளம்புமுன், முழு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று பார்ப்பார். கீழ் வீட்டு ராஜாராமன் அதற்காகவே பேப்பரும் கையுமாக நிற்பார்.

"இன்னிக்கு எவ்ளோ சார்?"

"முந்நூத்திப் பன்னெண்டு!"

"நடந்து போனீங்கன்னா முந்நூத்தி ஐம்பதே காட்டும்."

"உங்க டீசல் வண்டி இருமி முடிக்கிறதுக்குள்ள நான் செங்கல்பட்டு போயிருவேன் சார்."

ஓட்டுகிறவர் கால் எப்படியோ அப்படித்தான் அந்த நம்பர் என்பார் வேதசிரோமணி. கடைசியாக ஓடிய சில நூறு கிலோமீட்டரை வைத்துத்தான் வண்டி கணக்குப் போடுமாம். "பொய் சொல்லாது புஷ்பம். நாம எப்படி ஓட்டினோமோ அதைத்தான் திருப்பிச் சொல்லும்."

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து திரும்புகிறபோது தாம்பரத்தில் நெரிசல். பட்டுப்புடவை, புழுக்கம், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏசி போடுங்கள் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். வீடு வந்துவிட்டது என்றார் அவர்.

"உங்களுக்கு மனுஷி முக்கியமா, நம்பர் முக்கியமா? அதையே கட்டிக்கிட்டு அழுங்க!"

அவர் சிரித்தார். "அடுத்த வாரம் போடறேன்மா."

புதன்கிழமை அலுவலகத்தில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது.

கல்லூரியில் நின்றிருந்த காரை, காரியங்கள் எல்லாம் முடிந்தபின், அவருடன் வேலை பார்த்த ஜெயகிருஷ்ணன் கொண்டுவந்து விட்டார். அந்தச் சனிக்கிழமை புஷ்பமே சார்ஜ் போட்டாள். காலையில் பார்த்தால் முந்நூற்று ஏழு. ஜெயகிருஷ்ணன் ஏசி போட்டு வேகமாக ஓட்டி வந்திருக்கிறார், பாவம், அவருக்கென்ன தெரியும். புஷ்பம் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். கல்லறைத் தோட்டத்தில்கூட அப்படி அழவில்லை.

லைசென்ஸ் வாங்கி சும்மா வைத்திருந்தவள், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அந்த வண்டியில் போக ஆரம்பித்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. டிசம்பரில் ஒரு ஞாயிறு ராஜாராமன் தயங்கித் தயங்கி, "எவ்ளோ மேடம்?" என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அட, சார் நம்பர்!"

அதன்பிறகு அவள் அதைக் குறைய விடவில்லை.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காட்டாங்குளத்தூரில் படிக்கிற மகள் எப்சி பரீட்சை முடிந்து போன் செய்தாள். தலை பிளக்கிறது, வாந்தி வேறு எடுத்தாயிற்று, ரயிலில் வர முடியாது. பள்ளி விடுமுறை என்பதால் புஷ்பம் உடனே காரை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும்போது வண்டலூரைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. மணி இரண்டு. எப்சி துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

"ஏசி போடும்மா."

"கண்ணாடி இறக்கித்தானே இருக்கு. காத்து வருதே."

"இதுவா காத்து? லாரி புகைம்மா. குமட்டுது."

"பெருங்களத்தூர் வந்துட்டா வீடு வந்த மாதிரிதான்."

எப்சி கண் கட்டை அவிழ்க்காமலே கையை நீட்டித் தடவி ஏசி பட்டனை அழுத்தினாள். புஷ்பம் அந்தக் கையைப் பட்டென்று அடித்துவிட்டாள். அடித்தபிறகுதான் அடித்தது தெரிந்தது. பெண்ணின் கை நெருப்பாகச் சுட்டது.

"நாளன்னிக்கு ஞாயிறுடி. நம்பர் குறைஞ்சிடும்."

"குறையட்டுமே!"

"அது உங்கப்பா நம்பர்."

எப்சி துப்பட்டாவை இறக்கிவிட்டு அம்மாவையே பார்த்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில்.

"அப்பா ஓட்டினது அதுல எப்பவோ அழிஞ்சு போச்சும்மா. கடைசி சில நூறு கிலோமீட்டர்தான் அதுக்கு ஞாபகம் இருக்கும்னு அப்பாவே சொல்வாரே. ஏழு மாசமா அதுல இருக்கறது நீதான்."

முன்னால் லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். புஷ்பம் வண்டியை நகர்த்தினாள். பிறகு கண்ணாடிகளை ஏற்றினாள். ஏசி பட்டனை அழுத்தினாள். பெருங்களத்தூர் வருவதற்குள் எப்சி தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜாராமன் பேப்பரோடு நின்றார்.

"எவ்ளோ மேடம்?"

"முந்நூத்தி ஆறு."

அவர் பேப்பரை மடித்தார். "வெயில் ஜாஸ்தி. அதான் இப்படி."

"வெயில் இல்ல சார். ஏசி போட்டேன்."

அவர் டயரைக் குனிந்து பார்த்தார். "காத்து சரியா இருக்கு மேடம்," என்றார்.

ஆராதனை முடிந்து திரும்பும்போது தாம்பரத்தில் அன்றைக்கும் நெரிசல். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததால் உள்ளே சத்தமே இல்லை. எஞ்சின் சத்தம் இந்த வண்டியில் எப்போதுமே கிடையாது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அக்டோபரில் கட்டியிருந்த அதே பட்டுப்புடவைதான். புஷ்பம் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

ரவிக்கை கொஞ்சம்கூட நனையவில்லை.