ஒரே நாளில் ஒதுங்கவைத்த மருந்துக்கடை

1. இருந்தும் கிடைக்காத மருந்து

"இருக்கு, எங்க இருக்குன்னுதான் தெரியல."

மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவர் சொல்லவே கூடாத வாக்கியம் இது. இருபத்திரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு நான் அதைச் சொன்னேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் நான் பார்மசிஸ்ட். டி.ஃபார்ம் முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அன்று ஓர் அம்மா மூச்சிரைக்கும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நெபுலைசரில் ஊற்றும் மருந்து கேட்டார். முந்தின வாரம்தான் ஒரு பெட்டி வந்திருந்தது. ரேக்கில் பார்த்தேன், ஏணி போட்டு மேலே பார்த்தேன், எக்ஸ்பைரி ஆன இருமல் சிரப்புகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன்.

"எக்கா, பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் அப்படிச் சொன்னேன். அவர் எதிர்க்கடைக்கு ஓடினார். அங்கே உடனே கிடைத்தது. எங்கள் பெட்டி மதியம் என் ஸ்டூலுக்கு அடியில் கிடைத்தது. அதன்மேல்தான் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2. ஞாயிற்றுக்கிழமை

கடை முதலாளி அண்ணாச்சியிடம் போய், "இந்தக் கடைய ஒதுங்கவைக்கணும் அண்ணாச்சி, ஒரே குப்பையாக் கெடக்கு" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை மதியத்துக்குமேல ஷட்டரைப் போட்டுட்டு என்ன வேணும்னாலும் செய்யுங்கம்மா. திங்கக்கிழமை காலைல யாவாரம் நிக்கக்கூடாது, அம்புட்டுதான்" என்றார்.

என்னோடு பதினைந்து வருடமாகக் கவுன்டரில் நிற்பவள் செண்பகம். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினோம். காலி அட்டைப்பெட்டிகள், பழைய காலண்டர்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள் கொடுத்துவிட்டுப் போன எழுதாத பேனாக்கள், ஓடாத எடை மிஷின் எல்லாம் வெளியே போயின. எக்ஸ்பைரி சரக்கைத் திருப்பி அனுப்பத் தனியாகக் கட்டினோம். கவுன்டரில் இருந்த சின்ன டிவியை இறக்கினேன். வேலை நேரத்தில் போனை இழுப்பறைக்குள் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். பிரஷருக்கு ஒரு வரிசை, சுகருக்கு ஒரு வரிசை என்று நோய்வாரியாக இருந்த மாத்திரைகளை எல்லாம் கலைத்து, இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி அடுக்கிவிட்டேன். யார் வந்தாலும் பேரைப் பார்த்து எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

செண்பகம் ஒப்பவில்லை. "எக்கா, அந்த நீல டப்பாவுக்கு அடுத்தது, கிழிஞ்ச அட்டைக்குக் கீழன்னுதான் நான் எடுப்பேன். எல்லாத்தையும் தூக்கிட்டியன்னா எதப் பாத்து எடுக்கது?"

"பேரப் பாத்து எடு" என்றேன். பெரிய பேச்சு.

3. திங்கட்கிழமை

திங்கள் காலையில் எங்கள் கடைக்குள் நாங்களே வழி கேட்டுக்கொண்டு நின்றோம். கை ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். கேட்டதை எடுக்கப் போய், என்ன கேட்டார்கள் என்பதே மறந்துவிடும். தலைவலி மாத்திரை எடுக்க நான் மூன்று தரம் நடந்தேன்.

பதினோரு மணி இருக்கும். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கும் மாடசாமி அண்ணாச்சி வந்தார். சிவகிரி ரோட்டில் ஒரு கிராமம், ஆடு வைத்திருப்பவர். எழுத வாசிக்கத் தெரியாது.

"ரெண்டு நாளா மாத்திரை தீந்துபோச்சிம்மா, கிறுகிறுன்னு வருது. வீட்டுக்குப் போய்க் கஞ்சியக் குடிச்சிட்டு ஒண்ணப் போட்டாத்தான் சரிவரும்" என்றார். பேசிக்கொண்டே பில் போட்டேன், பேசிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் சுகர் மாத்திரை கேட்டார். கிளிமிபிரைடு. 'ஜி' வரிசையைத் தேடிக் கைவைத்தேன். அது நேற்றுவரை பிரஷர் மாத்திரை இருந்த இடம். சற்று முன்னால் இதே இடத்தில் கைவைத்தோமோ?

வைத்தேனா இல்லையா, தெரியவில்லை. பில்லில் பிரஷர் மாத்திரைதான் இருந்தது. ஆனால் பில் போட்டது தெரிந்த பெயரை வைத்து, மாத்திரையை எடுத்தது பழகிய கை. இரண்டு பெட்டியும் பிரித்த பெட்டிதான். எந்தப் பெட்டியில் எத்தனை இருந்தது என்றும் பார்த்துவைக்கவில்லை. "செண்பகம், நான் எங்கேருந்து எடுத்தேன்?" என்றேன். "நான் என் குழப்பத்துல நிக்கேன், ஒங்களையா பாத்தேன்?" என்றாள்.

சுகர் இல்லாதவர் அந்த மாத்திரையைப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஆடுகளோடு தனியாக நடப்பவர் பொட்டலில் விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. டைம் கீப்பரிடம் விஷயத்தைச் சொன்னதும் கண்டக்டருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"பச்சைத் துண்டு, மாடசாமின்னு பேரு. மெடிக்கல் கவர் வச்சிருப்பாரு. அந்த அட்டைல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க தம்பி."

பஸ் இரைச்சலுக்குள் அவர் கூப்பிடுவதும், "நாந்தாம்வே" என்ற குரலும் கேட்டன. "எக்கா, பொடி எழுத்தா இருக்கு. ஜி… எல்… ஐ…"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. "அதப் போட வேண்டாம்னு சொல்லுங்க. அவர் ஊர் ஸ்டாப்புல நிக்கச் சொல்லுங்க, நான் வாரேன்."

ஆட்டோ பிடித்துச் சரியான மாத்திரையோடு போனேன். நிழல்குடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கவரை அப்படியே நீட்டினார். ஒன்றும் பிரித்திருக்கவில்லை. சரியான அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"தப்பா குடுத்திட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க."

"வாங்கும்போதே பாத்தேம்மா, அட்டை வேற மாதிரி இருந்துச்சி."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கடையே வேற மாதிரி இருந்துச்சி. சரி, எல்லாத்தையும் மாத்திட்டாவ போலுக்கு, இதையும் மாத்திருப்பாவன்னு நெனச்சேன்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன்.

4. அதற்குப் பிறகு

நடந்ததை முதலாளி அண்ணாச்சியிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு ரேக்குகளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "பழைய மாதிரியே வச்சிருவமா?" என்று கேட்டார்.

குப்பையாகக் கிடந்தபோது ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்க முடியவில்லை. சுத்தம் செய்த மறுநாள் ஒரு பெரியவருக்கு வேறு மருந்தைக் கொடுத்தேன். எது சரி? இரண்டு நாள் யோசித்தும் எனக்குத் தெளியவில்லை.

செண்பகம்தான் வழி சொன்னாள். "குப்பைய வெளிய போட்டது நல்லதுதான். எடத்த மாத்துனதுதான் நம்மளக் குழப்பிட்டு. மாத்திரையெல்லாம் பழைய எடத்துக்கே போகட்டும். மாத்தணும்னா வாரத்துக்கு ஒரு ரேக்க மாத்துவோம். கை பழகட்டும்."

அப்படியே செய்தோம். மாற்றி முடிக்க நான்கு மாதம் ஆனது. ஒரே மாதிரிப் பெயர்களையும் ஒரே மாதிரி அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. எழுத்து வரிசை அங்கங்கே உடைந்தாலும் சரி என்று விட்டுவிட்டோம். இப்போது தேடுவது குறைந்துவிட்டது, கவுன்டரில் கூட்டம் தேங்குவதில்லை.

இன்னொன்றும் செய்கிறோம். கொடுக்கும்முன் அட்டையில் உள்ள பெயரையும் எதற்கான மாத்திரை என்பதையும் வாங்குபவரிடம் சத்தமாக வாசிக்கிறோம். "எப்பவும் வாங்குறதுதானா, பாத்துக்கிடுங்க" என்கிறோம். வாசிக்கும்போது வேறு பேச்சு கிடையாது.

வேலையைக் குறைக்கத்தான் இதெல்லாம் ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு வேலை கூடியிருக்கிறது. எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்பதில் எனக்கு இன்னமும் குழப்பம் உண்டு. அந்தக் குழப்பம் வரும்போதெல்லாம் கையை நிறுத்திக்கொள்கிறேன். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.