இலங்கைத்துறையிலிருந்து உப்புவெளிக்கு: பெரியம்மா தனக்கு ஒரு அறை பார்க்கப் போன கதை

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தில்தான் போகிறார்கள். யாரோ விழுந்திருப்பார்கள், யாரோ ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். நாங்கள் அப்படிப் போகவில்லை. மாசி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, எல்லாரும் சுகமாக இருக்கும்போதே போனோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம், எழுத அவ்வளவு இல்லை.

பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பெரியப்பா இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அவரோடுதான் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதுவதுதான் வழக்கம், ஆகவே பெரியம்மாவின் வீடு எனக்கு வரும். அதன்பிறகு பெரியவர்களுக்கு வீட்டின் பின்பக்கச் சுவரோடு கூரை சாய்த்து ஒரு பத்தி இறக்கிக் கொடுப்பார்கள். பெரியம்மாவின் தம்பி, என் மாமா, அதைத்தான் சொன்னார்.

"பத்தியில ஆட்டைக் கட்டு," என்றார் பெரியம்மா. "நான் படுக்கையில விழுந்த பிறகு நீங்கள் கொண்டுபோய் விடுற இடத்துக்குப் போகமாட்டன். கால் நடக்கேக்க நானே போய்ப் பார்த்து எடுப்பன்."

"ஊர் என்ன கதைக்கும் அக்கா?" என்றார் மாமா.

"ஊர் இப்ப மட்டும் வாயை மூடிக்கொண்டோ இருக்குது?"

இலங்கைத்துறையிலிருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். விடியற்காலை பஸ்ஸில் மூதூர் வந்து, அங்கே வேறு பஸ் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மூதூரில் ஏறும்போது வலப்பக்க யன்னலோரம் பிடியுங்கள். குறிஞ்சாக்கேணியை அண்டும்போது தண்ணீர் தெரியும், கிண்ணியாப் பாலத்தில் நல்ல காற்று வரும். எல்லாமாக மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட.

எங்களோடு ஐஸ் வைக்கிற ரெஜிபோம் பெட்டி ஒன்றும் வந்தது. ஒரு இடத்துக்கு முதல்முறை போகும்போது வெறுங்கையோடு போவது எங்கள் வீட்டில் இல்லை. மீன்பிடிக்கிற ஊர்க்காரர் வேறு எதைக் கொண்டுபோவார்கள்? ஐஸ் போட்டு இரண்டு பெரிய பாரை.

"அம்மா, பெட்டிக்கும் டிக்கெட் போடட்டோ?" என்றார் கொண்டக்டர்.

"மீன் எழும்பி சீற்றில இருந்தால் போடு தம்பி."

முதலாவது இடம் நகரத்துக்குள், துறைமுகப் பக்கம். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். பொறுப்பாளர் அம்மா வாசலுக்கே வந்தார். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"உள்ளுக்கு என்னம்மா?"

"பாரை. இரவு பிடிச்சது. எல்லாருக்கும் ஒரு நேரக் கறிக்குக் காணும்."

"ஐயோ, இது சைவச் சாப்பாட்டு இடம்! கேற்றுக்கு உள்ள எடுக்க ஏலாது."

எந்த இல்லத்தில் எத்தனை கட்டில், என்ன பணம் என்றெல்லாம் தொலைபேசியில் விசாரித்திருந்தோம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. மனிதர் மீன் சாப்பிடுவார்களா என்று யாராவது கேட்பார்களா என்பதுதான் எங்கள் எண்ணம். பெட்டி கேற்றடியில் நின்றது. இரண்டு பூனைகள் காவலுக்கு வந்தன.

இடம் உண்மையில் நல்ல இடம். கீழ்த்தளம், அகலமான கதவு, குளியலறையில் பிடிக்கக் கம்பி. ஆனால் பொறுப்பாளர் அம்மா எதையும் என்னிடமே கேட்டார். "அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ? இரவில எழும்புறவவோ?" நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சீனி என்ட உடம்பிலதான் இருக்கு," என்றார் பெரியம்மா. "என்னட்டக் கேளுங்கோ."

வெளியே வந்து, பெரியம்மா பெட்டியை ஓட்டோவில் தன் காலடியில் வைத்தார். பிறகு, "எல்லாம் சரி. ஆனா மீன் இல்லாம நான் எத்தினை வருசம் இருந்து என்ன செய்ய?" என்றார். ஓட்டோ ஓட்டிய கிண்ணியா முஸ்லிம் நானா திரும்பிப் பார்த்தார். "உம்மா, அந்தப் பெட்டி இன்னும் கொஞ்சம் ஊத்திச்செண்டால் நாளைக்கு என்ட சவாரி எல்லாம் பூனைதான்."

இரண்டாவது இடம் உப்புவெளி, ஐந்தாறு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தோம். வரிசையாகச் சின்ன வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அறை, ஒரு ஆள் நின்று சமைக்கக்கூடிய குசினி. கிழமையில் இரண்டு நாள் தாதி வந்து போவார். ஆனால் வாசலில் உயரமான படி, குளியலறையில் கம்பி இல்லை. முதல் இடத்தோடு பார்த்தால் வசதி குறைவுதான்.

முகாமையாளர் ஒரு இளம் ஆள். அவரும் என்னைப் பார்த்தே கேட்டார். "அவவுக்கு இங்க வர விருப்பமோ, இல்லாட்டி நீங்கள் வீட்டுக்காரர் எடுத்த முடிவோ?"

பெரியம்மா இந்தமுறை பதிலை என்னிடம் விட்டுவிட்டு, சுவரில் பூச்சைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவவிட்டயே கேளுங்கோ," என்றேன். சின்னக் குரல்தான், ஆனால் அவருக்குக் கேட்டது. கதிரையைத் திருப்பிப் போட்டுப் பெரியம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கம்பி போடுங்கோ. படியைச் சரிவாக்குங்கோ," என்றார் பெரியம்மா. "ஆவணியில வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கிறன். பிடிச்சால் வாற வருசம் வருவன். பிடிக்காட்டி வரமாட்டன்."

"இருந்து பார்க்கிறதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கேல்ல, அம்மா."

"இப்ப கேட்டாச்சு."

அவர் யோசித்துவிட்டு ஓம் என்றார். நிலாவெளியிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு அம்மா சட்டி தந்தார். பாரை அங்கேதான் கறியானது.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போய், அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இருந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், கம்பி, படி போன்றவற்றை முதலே சொல்லுங்கள், இவற்றைத் திருத்திவிடலாம். சாப்பாட்டையும் பழக்கத்தையும் திருத்துவது கஷ்டம். கூடப் போகிறவர் நீங்கள் என்றால், கேள்வி உங்களிடம் வரும்போது அது யாருடையதோ அவரிடமே திருப்பிவிடுங்கள். முக்கியமாக, அளவு நாடா கொண்டுபோங்கள். நாங்கள் மறந்துவிட்டோம்.

அதனால் பெரியம்மா சுவரோடு கையை வைத்து முழம் போட்டார். கட்டில் வரும், சாமிப்படம் வரும், ஒரு கதிரை வரும். அலுமாரிக்கு வந்தபோது இரண்டு தரம் அளந்தார். கொள்ளவில்லை.

"அப்ப அலுமாரியை என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"வீட்டில நிக்கட்டும். உன்ட உடுப்பை வை," என்றார். "மேல்தட்டை மட்டும் விடு. நான் லீவில வந்தால் சேலை வைக்க வேணும்."