கேட் நம்பர் நடுவில் நின்ற படம்

சொட்டுச் சத்தம்

புதிதாகப் போட்டோ தொழில் தொடங்கியவர்களுக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று உண்டு: படங்களை ஆன்லைனில் ஏற்றிய நாளிலிருந்து, இருட்டினால் வீட்டில் சத்தம் கேட்கும். எனக்குக் கேட்டது குழாய் சொட்டும் சத்தம். எல்லாக் குழாயையும் இறுக்கிவிட்டு வந்தாலும், டொக்.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, மலேசியாவில் எங்கள் ஊரான லாபிஸுக்குச் சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் இரண்டு வயது மகளும் மட்டும். பயந்தால் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கான்வென்ட் பள்ளியில் பழகிய ஹெயில் மேரி ஜெபத்தைச் சொல்கிறவள் நான். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் தெரிந்தது, சத்தம் லேப்டாப்பிலிருந்து வருகிறது. நான் படம் ஏற்றிய ஆன்லைன் கேலரியில் யாராவது ஒரு படத்துக்கு இதயக்குறி போட்டால் வரும் ஒலி. கணவரிடம் போனில் சொன்னேன். “அலமாக், நீயே வச்ச நோட்டிபிகேஷனுக்கு நீயே பயப்படுறியா?”

அறுநூறு இதயம்

பக்கத்து ஊர் பெக்கோக்கில் நடந்த கல்யாணம், என் முதல் கல்யாண ஆர்டர். மணப்பெண் கவிதாவுக்கு கேலரி லிங்க்கும் பாஸ்வேர்டும் கொடுத்து, ஆல்பத்துக்கு வேண்டிய நாற்பது படத்துக்கு மட்டும் இதயம் போடச் சொன்னேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: படங்கள் அவள் அப்பா கண்ணில் படக்கூடாது. அவர் அடிக்குப் பயந்துதான் அம்மாவும் மகளும் வீடு மாறியிருந்தார்கள். புது வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் அவளுடைய பெரியம்மா போன் செய்தார். பாஸ்வேர்டு அடிக்க வரவில்லையாம். பெரியவர்கள் கேட்கிறார்களே என்று பாஸ்வேர்டையே எடுத்துவிட்டேன். நாற்பதுக்குப் பதில் அறுநூறு இதயம் வந்து விழுந்தது. எதற்கு எல்லாப் படத்துக்கும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “ஒருத்தர் படத்துக்குப் போட்டு இன்னொருத்தருக்குப் போடாம விட்டா, மூஞ்ச தூக்கி வச்சுக்குவாங்கம்மா!”

முதல் பிரிண்ட் ஆர்டர்

கேலரியில் தெரிவது சின்னப் படம்தான், குறுக்கே என் கடைப் பெயர் வேறு ஓடும். தெளிவாக வேண்டுமென்றால் பெரிய பிரிண்ட் ஆர்டர் செய்ய வேண்டும். படத்தில் எந்தப் பகுதி அச்சாக வேண்டும் என்று கட்டத்தை நகர்த்தி வைப்பதும் ஆர்டர் செய்கிறவர்தான். முதல் ஆர்டர் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கவிதாவின் புது வீட்டு வாசலில், மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கும் படம். ஆர்டர் செய்தவர் யாரோ ஒருவர், நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகப் போட்டிருந்தார். கட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே ஒப்புதல் கொடுத்து, ஜோகூர் பாருவில் படம் அச்சடிக்கும் லேப்புக்கு அனுப்பிவிட்டேன். நீங்களும் முதல் ஆர்டரில் இப்படித்தான் செய்திருப்பீர்கள்.

மதியம் லேப்பிலிருந்து முருகன் அண்ணன் கூப்பிட்டார். “தங்கச்சி, பொண்ணு மாப்பிள்ள தல ரெண்டும் வெட்டுப்படுது, கேட் நம்பரும் ரோட்டுப் பேரும்தான் நடுவுல நிக்குது, அப்படியே அடிச்சிடவா?”

யார் நம்பர்

அச்சை நிறுத்தச் சொன்னேன். அந்தப் படத்தைக் கேலரியிலிருந்து நீக்கி, பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டுவிட்டுக் கவிதாவை அழைத்தேன். ஆர்டரில் இருந்த போன் எண்ணை வாசித்தேன். அது அப்பா நம்பர் என்றாள். லிங்க் குடும்ப வாட்சப் குழுவில் சுற்றியிருக்கிறது, யாரோ அவருக்கும் தட்டிவிட்டிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “அக்கா, நேர்ல வந்து வாங்கிக்கிறதுன்னா, உங்க வீட்டு அட்ரஸ் அவருக்குப் போயிருக்குமே?”

வாசலில்

மசூதியில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு முடிந்த நேரம். கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கவிதாவின் அப்பாதான். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எந்த வீட்டு விசேஷத்திலும் பார்க்கக்கூடிய முகம். மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கிரில் கதவுக்கு உள்ளேயே நின்றேன். ஆர்டர் ரத்தாகிவிட்டது, படம் என் லேப்டாப்பிலிருந்தும் அழிந்துவிட்டது என்றேன். பொய் சொன்னால் கான்வென்ட்டில் சிஸ்டர் முட்டி போட வைப்பார். அன்று பொய் தடுமாறாமல் வந்தது.

அவர் கோபப்படவே இல்லை. என் மகளைப் பார்த்துச் சிரித்தார். “படம்கூட வேணாம்மா, நீங்கதான் அந்த வீட்டுக்குப் போயிருக்கீங்கல்ல, ரோட்டுப் பேர மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்று தொழில் வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். நான் “தெரியாது அங்கிள்” என்று மரக்கதவைச் சாத்தி, மேலே ஒன்று கீழே ஒன்று தாழ்ப்பாள் போட்டேன்.